அவசரப் பணியாளர்கள் (இடையூறு) சட்டம் 2006

அவசரப் பணியாளர்கள் (இடையூறு) சட்டம் 2006 என்பது, தீயணைப்பு, ஆம்புலன்ஸ், கடலோர மீட்பு முதலிய அவசர சேவைகளில் ஈடுபட்டிருப்போரை அவர்களது பணியின்போது தடுப்பதையும் அவர்களுக்கு இடையூறு செய்வதையும் குற்றமாக்கும் ஐக்கிய இராச்சியச் சட்டம் ஆகும். இது இங்கிலாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து ஆகிய பகுதிகளில் நடைமுறையில் உள்ளது. 2006 நவம்பர் 8 அன்று அரச ஒப்புதல் பெற்ற இச்சட்டம் 2007 பெப்ரவரி 20 அன்று நடைமுறைக்கு வந்தது. ஸ்காட்லாந்தில் இதற்கு முன்னரே இயற்றப்பட்ட வேறொரு சட்டம் உள்ளது.

யாரையும் அடிக்காமலும் எந்தப் பொருளையும் உடைக்காமலும், வழியை மறிப்பதாலோ காலந்தாழ்த்துவதாலோ மட்டும் மீட்புப் பணிக்குக் கேடு விளைவிக்க முடியும். இதயத் துடிப்பு நின்றுபோன ஒருவருக்கு மின்னதிர்ச்சி அளிப்பதில் ஏற்படும் ஒவ்வொரு நிமிடத் தாமதமும் அவர் பிழைக்கும் வாய்ப்பைச் சுமார் 10 விழுக்காடு குறைப்பதாக மருத்துவத் துறையில் கணிக்கப்படுகிறது. இத்தகைய தாமதத்தை உண்டாக்குவதையே ஒரு தனிக் குற்றமாகக் கொண்டது இச்சட்டத்தின் முதன்மையான கூறாகும்.

பின்னணி

காவலர் ஒருவரைக் கடமையின்போது தடுப்பது இங்கிலாந்தில் நெடுங்காலமாகவே குற்றமாக இருந்து வருகிறது. இப்போது 1996 ஆம் ஆண்டுக் காவல் சட்டத்தின் 89 ஆம் பிரிவு இதனைக் கூறுகிறது. அதன்படி, வேண்டுமென்றே ஒரு காவலரைத் தடுப்பவருக்கு ஒரு மாதம் வரை சிறைத் தண்டனையோ தண்டமோ விதிக்கலாம். தீயணைப்பு வீரர்களுக்கும் ஓரளவு பாதுகாப்பு இருந்தது. 1947 ஆம் ஆண்டுத் தீயணைப்புச் சேவைகள் சட்டமும், பின்னர் அதன் இடத்தில் வந்த 2004 ஆம் ஆண்டுத் தீயணைப்பு மற்றும் மீட்புச் சேவைகள் சட்டமும், தீயணைக்கும் பணியில் குறுக்கிடுவோருக்குத் தண்டம் விதிக்க வழி செய்தன.

ஆம்புலன்ஸ் பணியாளர்களுக்கு இவ்வாறான சட்டம் எதுவும் இல்லை. அவர்களை ஒருவர் அடித்தால், வேறெந்தக் குடிமகனையும் அடித்ததற்குரிய தாக்குதல் குற்றத்தின் கீழ் வழக்குத் தொடரலாம். வண்டியின் கண்ணாடியை உடைத்தால் சொத்துக்குச் சேதம் விளைவித்த குற்றம் பொருந்தும். ஆனால், நோயாளி இருக்கும் அறையின் வாயிலில் நின்றுகொண்டு உள்ளே விட மறுப்பவர் மீதோ, வண்டியின் சாவியை எடுத்து ஒளித்து வைப்பவர் மீதோ வழக்குத் தொடரக் காவல்துறையினர் ஏறக்குறையப் பொருந்தும் வேறொரு குற்றத்தைத் தேட வேண்டியிருந்தது. கடலோர மீட்புப் பணியாளர்களின் நிலையும் இதுவே.

ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் இவ்விடைவெளியை முதலில் நிரப்பியது. 2005 மே மாதம் நடைமுறைக்கு வந்த அவசரப் பணியாளர்கள் (ஸ்காட்லாந்து) சட்டம், தாக்குதல், தடுத்தல், இடையூறு ஆகிய மூன்றையும் ஒரே சட்டத்துக்குள் கொண்டுவந்து, 9 மாதம் வரை சிறைத் தண்டனைக்கு வழி செய்தது. இவ்வரம்பு 2007 ஆம் ஆண்டின் ஒரு திருத்தத்தால் 12 மாதமாக உயர்த்தப்பட்டது.

இங்கிலாந்துக்கும் வேல்சுக்குமான சட்டம் அரசின் முயற்சியால் தொடங்கப்பட்டதன்று. சுவான்சி மேற்குத் தொகுதியின் தொழிற்கட்சி உறுப்பினராக 1964 முதல் 2010 வரை இருந்த ஆலன் வில்லியம்ஸ் இதனைத் தனி உறுப்பினர் மசோதாவாகக் கொண்டுவந்தார். பிரித்தானிய நாடாளுமன்றத்தில் தனி உறுப்பினர்களின் மசோதாக்களுக்கு ஒதுக்கப்படும் நேரம் மிகக் குறைவு என்பதால், அவற்றுள் பெரும்பாலானவை சட்டமாகாமலேயே காலாவதியாகிவிடும். சட்டமானவை பொதுவாகச் சிறியனவாகவும் எதிர்ப்பு அதிகம் எழாதனவாகவும் இருக்கும். இச்சட்டமும் சில பிரிவுகளை மட்டுமே கொண்ட சிறிய சட்டமாகும்.

குற்றத்தின் இலக்கணம்

சட்டத்தின் முதற் பிரிவு கூறுவதன் சாரம் இது: அவசர நிலை ஒன்றை எதிர்கொண்டு செயற்படும் பணியாளரை, தக்க காரணமின்றித் தடுப்பவர் அல்லது அவருக்கு இடையூறு செய்பவர் குற்றம் புரிந்தவர் ஆவார். காவலர்களுக்கான சட்டத்தில் உள்ள "வேண்டுமென்றே" என்ற சொல் இங்கு இல்லை. அதற்கு மாற்றாகத் "தக்க காரணமின்றி" என்னும் தொடர் உள்ளது. எது தக்க காரணம் என்று சட்டம் வரையறுக்கவில்லை. அதனை வழக்கின் சூழ்நிலையைக் கொண்டு நீதிமன்றமே முடிவு செய்கிறது.

"எதிர்கொண்டு செயற்படுதல்" என்பது விரிவாகப் பொருள்கொள்ளப்படுகிறது. நிகழ்விடத்தில் பணியாற்றுவது மட்டுமன்றி, அங்கு செல்லும் வழியில் இருப்பதும் அதற்கென ஆயத்தம் செய்வதும் இதில் அடங்கும். எனவே தீயணைப்பு நிலையத்தின் வாயிலை மறித்து, அழைப்பு பெற்ற வண்டியை வெளியேற விடாமல் செய்பவரும் இச்சட்டத்தின் வரம்புக்குள் வருவார். பணிநேரத்தில் தேநீர்க் கடையில் அமர்ந்திருக்கும் ஆம்புலன்ஸ் ஊழியரிடம் வம்பு செய்பவர் வரமாட்டார். பணியாளர் சீருடையில் இருக்கிறார் என்பது மட்டும் போதாது. ஓர் அவசர நிலையும் இருக்க வேண்டும்.

அந்த அவசர நிலையும் வரையறுக்கப்பட்டுள்ளது. அது ஏற்கெனவே நிகழ்ந்துகொண்டிருக்க வேண்டும் அல்லது உடனடியாக நிகழவிருக்க வேண்டும். அதனால் மரணமோ, கடுமையான காயமோ, கடுமையான நோயோ, சுற்றுச்சூழலுக்கோ கட்டடத்துக்கோ பிற சொத்துக்கோ பெருங்கேடோ விளையக்கூடியதாக இருக்க வேண்டும். ஏற்கெனவே நேர்ந்த காயமோ நோயோ கேடோ மேலும் மோசமடையும் நிலையும் இதில் அடங்கும். மனநோய் வெளிப்படையாகச் சேர்க்கப்பட்டுள்ளது. சுற்றுச்சூழல் என்பதில் விலங்குகள், தாவரங்களின் உயிரும் நலமும் அடங்கும் என்பதால், காட்டுத்தீயை அணைக்கச் செல்வோரும் பாதுகாக்கப்படுகின்றனர்.

அழைப்பு பொய்யானது என்று பின்னர் தெரியவந்தால் என்ன ஆகும் என்ற கேள்வி இங்கு எழும். சட்டம் இதற்கு நேரடியாகவே விடையளிக்கிறது. அவசர நிலை இருக்கிறது அல்லது இருக்கக்கூடும் என்று பணியாளர் நம்பி, அந்நம்பிக்கைக்கு நியாயமான அடிப்படையும் இருந்தால் போதுமானது. தீ உண்மையில் எரிந்ததா, நோயாளி உண்மையில் மயங்கினாரா என்பது தேவையில்லை. இவ்விதி இல்லாவிடில், இடையூறு செய்தவர் "உள்ளே யாருக்கும் ஒன்றுமில்லை என்று எனக்கு முன்பே தெரியும்" எனக் கூறித் தப்பிக்க முடியும். கதவைத் திறந்து பார்க்கும் வரை பணியாளருக்கு அது தெரிய வழியில்லை.

உடல்வழித் தடை கட்டாயமில்லை

மூன்றாம் பிரிவின்படி, இடையூறு உடல்வழியாக நிகழ்ந்திருக்க வேண்டியதில்லை. மேலும், அது ஆளை நோக்கியதாகவும் இருக்க வேண்டியதில்லை. பணியாளர் பயன்படுத்தும் அல்லது பயன்படுத்தவிருக்கும் வண்டி, படகு, கருவி அல்லது விலங்கின் மீது மட்டுமே செயல் நிகழ்ந்திருந்தாலும் குற்றமாகும். குழுவினர் மாடியில் நோயாளியுடன் இருக்கும்போது கீழே நிற்கும் ஆம்புலன்சின் சக்கரக் காற்றைப் பிடுங்கிவிடுபவர் அவர்களுள் ஒருவரையும் பார்த்திருக்க வேண்டியதுகூட இல்லை. தீயணைப்புக் குழாயை மிதித்து நீரோட்டத்தை நிறுத்துவதும், தவறான வழியைக் காட்டி வண்டியை வேறு தெருவுக்கு அனுப்புவதும் இவ்வகையினவே.

சொல்லாலும் தடுக்கலாம் என்ற கருத்து ஆங்கிலச் சட்டத்துக்குப் புதிதன்று. 1955 ஆம் ஆண்டின் இன்ச்கிளிஃப் எதிர் செல்டன் என்னும் வழக்கில், ஒரு மதுவிடுதி உரிமையாளரின் மகன், காவலர்கள் வெளியில் நிற்பதைக் கூவி வீட்டாருக்கு அறிவித்தார். காவலர்கள் உள்ளே செல்ல 8 நிமிடம் தாமதமாயிற்று. உள்ளே குற்றம் எதுவும் நடந்ததாகத் தெரியவரவில்லை. ஆயினும், காவலர்களின் கடமையை மேலும் கடினமாக்குவது எதுவும் தடுத்தலாகும் என்று தலைமை நீதிபதி கோடார்ட் பிரபு விளக்கி, தண்டனையை உறுதி செய்தார். இது காவலர் பற்றிய வழக்கு எனினும், "தடுத்தல்" என்ற சொல்லை ஆங்கில நீதிமன்றங்கள் எவ்வளவு விரிவாகப் படிக்கின்றன என்பதற்கு இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது.

இதன் மறுபக்கத்தையும் அறிய வேண்டும். 1966 ஆம் ஆண்டின் ரைஸ் எதிர் கானலி வழக்கில், காவலரின் கேள்விகளுக்கு முழுமையாக விடையளிக்க மறுத்தவர் குற்றவாளி அல்லர் என்று தீர்ப்பாயிற்று. உதவாமல் இருப்பது வேறு, தடுப்பது வேறு என்பதே இவ்வேறுபாட்டின் அடிப்படை. ஆங்கிலச் சட்டத்தில் முன்பின் அறியாத ஒருவரைக் காப்பாற்ற வேண்டும் என்ற பொதுக் கடமை எவருக்கும் இல்லை. ஆகவே விபத்து நடந்த இடத்தில் கைகட்டி நிற்பவர் மீது வழக்கில்லை. அவரே தூக்குப்படுக்கை செல்லும் வழியில் நின்று, விலகச் சொல்லியும் விலகாதபோதுதான் சட்டம் குறுக்கிடுகிறது. பொது இடத்தில் கைப்பேசியால் படம் எடுப்பதும் தன்னளவில் குற்றமன்று. படம் எடுப்பதற்காகப் பணியாளரின் வழியை மறிப்பது குற்றமாகலாம்.

யார் யார் அடங்குவர்

தீயணைப்பு மற்றும் மீட்பு ஆணையங்களின் பணியாளர்களும், அரசுப் பணியிலோ வேறு நிறுவனங்களிலோ தீயணைப்பைக் கடமையாகக் கொண்டவர்களும் முதலில் குறிப்பிடப்படுகின்றனர். இவ்விரு கூறுகளும் இங்கிலாந்துக்கும் வேல்சுக்கும் மட்டுமே பொருந்தும். அடுத்து ஆம்புலன்ஸ் பணியாளர்கள். இதில் வானூர்தி ஆம்புலன்சும் அடங்கும். தேசிய சுகாதார சேவையின் நேரடி ஊழியர்கள் மட்டுமன்றி, அதன் ஏற்பாட்டின்படியோ வேண்டுகோளின்படியோ செயற்படும் தனியார் நிறுவனத்தினரும் தொண்டு அமைப்பினரும் பாதுகாக்கப்படுகின்றனர். மாற்றுச் சிகிச்சைக்கான உறுப்புகளையும் குருதியையும் கொண்டுசெல்வோர் தனியாகச் சேர்க்கப்பட்டுள்ளனர். நோயாளியே இல்லாத ஒரு வண்டியில் குளிர்ப்பெட்டியுடன் செல்லும் ஓட்டுநரும் அவசரப் பணியாளரே என்பது பலர் அறியாதது.

கடலோரக் காவலும் பட்டியலில் உள்ளது. பிரித்தானியக் கடலோரக் காவல் என்பது இந்தியாவில் உள்ளதைப் போன்ற ஆயுதப் படை அன்று. கடலில் தேடல், மீட்புப் பணிகளை ஒருங்கிணைக்கும் குடிசார் அமைப்பு ஆகும். இதனுடன் அரச தேசிய உயிர்காப்புப் படகு நிறுவனத்தின் படகுக் குழுவினரும், மீட்புப் படகு இயக்கும் பிற அமைப்பினரும் சேர்க்கப்பட்டுள்ளனர். 1824 இல் தொடங்கப்பட்ட இந்நிறுவனம் நன்கொடைகளால் இயங்கும் அறநிறுவனம். இதன் படகுக் குழுவினரில் பெரும்பாலோர் ஊதியம் பெறாத தொண்டர்கள். கடையிலோ அலுவலகத்திலோ இருக்கும்போது அழைப்பொலி கேட்டுக் கடற்கரைக்கு விரைபவர்கள் இவர்கள். குழுவினரைத் திரட்டுபவரும், படகைக் கடலில் இறக்கவும் மீண்டும் கரையேற்றவும் துணைபுரிபவரும்கூடச் சட்டத்தில் குறிப்பிடப்பட்டுள்ளனர்.

காவலர்கள் இப்பட்டியலில் இல்லை. அவர்களுக்குத் தனிச் சட்டம் இருப்பதே காரணம். மலை மீட்புக் குழுக்களும் பெயர் குறித்துச் சேர்க்கப்படவில்லை. மருத்துவமனைக்குள் பணியாற்றும் மருத்துவர்களும் செவிலியரும் இச்சட்டத்தின் பட்டியலில் இடம்பெறாதவர்கள். மருத்துவமனை வளாகத்தில் தொல்லை விளைவிப்போரைக் கையாள, 2008 ஆம் ஆண்டுக் குற்றவியல் நீதி மற்றும் குடிவரவுச் சட்டத்தில் ஒரு தனிக் குற்றம் உருவாக்கப்பட்டது.

இரண்டாம் பிரிவு, அவசரப் பணியாளருக்கு உதவிக்கொண்டிருப்பவரையும் பாதுகாக்கிறது. மருத்துவ உதவியாளரின் சொற்படி நோயாளியின் மார்பை அழுத்திக்கொண்டிருக்கும் பக்கத்து வீட்டுக்காரரைப் பிடித்து இழுப்பதும் குற்றமே. ஆனால் இப்பாதுகாப்பு பணியாளரைச் சார்ந்தே அமைந்துள்ளது. எவரும் வந்து சேரும் முன்னர் தனியாக முதலுதவி செய்பவரைப் பற்றி இப்பிரிவு தெளிவாகக் கூறவில்லை. பதவிகளைப் பட்டியலிட்டு எழுதப்பட்ட சட்டத்தின் இயல்பான குறைபாடு இது எனலாம்.

தண்டனை

இக்குற்றத்துக்குத் தண்டம் மட்டுமே விதிக்கலாம், சிறைத் தண்டனை இல்லை. வழக்கு நடுவர் நீதிமன்றத்தில், நடுவர் குழு எனப்படும் சூரியர்கள் இன்றி விசாரிக்கப்படும். இத்தகைய சிறு குற்றங்களுக்குரிய பொது விதிப்படி, நிகழ்வு நடந்த 6 மாதத்துக்குள் வழக்குத் தொடங்கப்பட வேண்டும்.

இங்கிலாந்துச் சட்டங்கள் பலவற்றில் தண்டத்தொகை நேரடியாகக் குறிப்பிடப்படாமல், 1 முதல் 5 வரையிலான ஒரு படிநிலை வரிசையால் குறிக்கப்படும். பணமதிப்பு மாறும்போது எல்லாச் சட்டங்களையும் திருத்தாமல் படிநிலையின் தொகையை மட்டும் மாற்றுவதற்கான ஏற்பாடு இது. 2006 ஆம் ஆண்டுச் சட்டம் உயர்ந்த படிநிலையான ஐந்தாவதைக் குறிப்பிடுகிறது. அன்று அதன் உச்சவரம்பு 5,000 பவுண்டு. 2015 மார்ச் 12 முதல் இங்கிலாந்திலும் வேல்சிலும் ஐந்தாம் படிநிலைக்கு உச்சவரம்பு நீக்கப்பட்டது. எனவே அந்நாளுக்குப் பின் புரிந்த குற்றங்களுக்கு நீதிமன்றம் எவ்வளவு தண்டமும் விதிக்கலாம்.

இதனால் ஒரு பொருத்தமின்மை எழுகிறது. காவலரைத் தடுத்தவருக்கு மூன்றாம் படிநிலைத் தண்டமே, அதாவது 1,000 பவுண்டே உச்சம். ஆனால் அவரைச் சிறைக்கு அனுப்ப முடியும். ஆம்புலன்சைத் தடுத்தவருக்குத் தண்டத்தில் வரம்பில்லை. ஆனால் அதனால் நோயாளிக்கு எத்தகைய பாதிப்பு நேர்ந்திருந்தாலும், இச்சட்டத்தின் கீழ் அவரை ஒரு நாள்கூடச் சிறையில் வைக்க முடியாது. எல்லைக்கு வடக்கே ஸ்காட்லாந்தில் இதே செயலுக்கு 12 மாதம் வரை சிறை உண்டு.

சாலையில் வழிவிடுதல்

நீல விளக்குடன் வரும் வண்டிக்கு வழிவிடாத ஓட்டுநர் இச்சட்டத்தின் கீழ் வருவாரா என்பது அடிக்கடி கேட்கப்படுவது. வேண்டுமென்றே மறித்தால் வருவார் என்பதில் ஐயமில்லை. ஆனால் வழிவிடுவதற்காகப் பிற விதிகளை மீறும் உரிமை ஓட்டுநருக்கு வழங்கப்படவில்லை. பிரித்தானிய நெடுஞ்சாலைக் கையேட்டின் 219 ஆம் விதி, அவசர வண்டிக்கு வழிவிடும்போதும் எல்லாப் போக்குவரத்துக் குறிகளுக்கும் கீழ்ப்படிய வேண்டும் என்றும், பிறருக்கு ஆபத்து விளைவிக்கக் கூடாது என்றும் கூறுகிறது. சிவப்பு விளக்கைக் கடக்கவும் வேக வரம்பை மீறவும் சட்ட விலக்கு பெற்றிருப்பது அவசர வண்டி மட்டுமே. அதற்கு வழிவிடும் பொருட்டுச் சிவப்பு விளக்கைத் தாண்டிய சாதாரண ஓட்டுநருக்குத் தண்டம் விதிக்கப்படலாம். சிவப்பு விளக்கில் நகராமல் நின்றவர், தமக்குத் தக்க காரணம் இருந்தது என்று கூற இடமுண்டு. நல்லெண்ணத்துடன் சந்திப்பின் நடுவே வண்டியை நகர்த்துவோர் மற்றொரு விபத்துக்குக் காரணமாகலாம் என்பதே இவ்விதியின் பின்னுள்ள கருத்து.

பிந்தைய சட்டங்கள்

2006 ஆம் ஆண்டுச் சட்டம் தாக்குதலைப் பற்றிப் பேசவில்லை. ஹாலிபாக்ஸ் தொகுதி உறுப்பினர் ஹோலி லிஞ்ச் காவலர்களையும் பிற பணியாளர்களையும் பாதுகாக்க வேண்டும் என்று நடத்திய பரப்புரையைத் தொடர்ந்து, ரோண்டா தொகுதி உறுப்பினர் கிறிஸ் பிரையன்ட் கொண்டுவந்த மற்றொரு தனி உறுப்பினர் மசோதா, அவசரப் பணியாளர்கள் மீதான தாக்குதல்கள் (குற்றங்கள்) சட்டம் 2018 ஆக நிறைவேறியது. இது 2018 நவம்பர் 13 முதல் இங்கிலாந்திலும் வேல்சிலும் நடைமுறையில் உள்ளது. காவலர்கள், சிறைக் காவலர்கள், மருத்துவமனைப் பணியாளர்கள் ஆகியோரையும் உள்ளடக்கிய விரிவான வரையறை இதில் உண்டு. உச்சத் தண்டனை முதலில் 12 மாதச் சிறையாக இருந்து, 2022 ஜூன் 28 முதல் 2 ஆண்டுகளாக உயர்த்தப்பட்டது.

இவ்வாறு இரு சட்டங்களும் இரு வேறு பட்டியல்களைக் கொண்டுள்ளன. மருத்துவமனைச் செவிலியரைத் தாக்குவது தனிக் குற்றம். அவரைத் தாக்காமல் தடுப்பது 2006 ஆம் ஆண்டுச் சட்டத்துக்குள் வருவதில்லை.

பிற நாடுகளில்

ஜெர்மனி வேறொரு வழியில் சென்றது. விபத்தின்போது உதவாமல் இருப்பதே அங்கு குற்றவியல் கோவையின் 323இ பிரிவின்படி குற்றமாகும். வேடிக்கை பார்ப்போர் கூட்டம் மீட்புப் பணியைத் தடுப்பது பற்றிய விவாதங்களுக்குப் பின், 2017 இல் இப்பிரிவில் புதிய பத்தி ஒன்று சேர்க்கப்பட்டது. உதவி செய்யும் அல்லது செய்ய விழையும் எவரையும் தடுப்பவருக்கு ஓராண்டு வரை சிறையோ தண்டமோ உண்டு. இங்கு பதவிப் பட்டியல் எதுவுமில்லை. தீயணைப்பு வீரரும் வழிப்போக்கரும் உதவுகிறார் என்ற ஒரே காரணத்தால் ஒரே அளவில் பாதுகாக்கப்படுகின்றனர். வன்முறையாலோ மிரட்டலாலோ மீட்புப் பணியாளரைத் தடுப்போருக்கு வேறொரு பிரிவில் மேலும் கடுமையான தண்டனை உள்ளது.

ஜெர்மனியின் விரைவுச் சாலைகளில் போக்குவரத்து தேங்கத் தொடங்கியவுடனேயே, ஆம்புலன்ஸ் வருகிறதா என்று பாராமல், இடக்கோடித் தடத்தில் உள்ளவை இடப்புறமும் ஏனையவை வலப்புறமும் ஒதுங்கி நடுவே ஒரு வழியை உருவாக்க வேண்டும். இது "ரெட்டுங்ஸ்காசெ", அதாவது மீட்பு வழி எனப்படுகிறது. 2017 ஜூலை 3 அன்று பவேரியாவின் மூன்ச்பெர்க் அருகே பேருந்து ஒன்று தீப்பற்றி 18 பேர் இறந்தபோது, வண்டிகள் இவ்வழியைச் சரியாக விடாததால் மீட்புக் குழுவினர் தாமதமாயினர் என்ற குற்றச்சாட்டு எழுந்தது. அவ்வாண்டின் அக்டோபரில், அதுவரை 20 யூரோவாக இருந்த தண்டம் குறைந்தது 200 யூரோவாக உயர்த்தப்பட்டது.

இந்தியாவில் 1860 ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டத்தின் 186 ஆம் பிரிவு, பொது ஊழியர் ஒருவரை அவரது கடமையில் தடுப்பவருக்கு 3 மாதம் வரை சிறையோ 500 ரூபாய் வரை தண்டமோ இரண்டுமோ விதித்தது. 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதாவின் 221 ஆம் பிரிவு உள்ளது. சிறைக்காலம் மாறவில்லை, தண்டத்தின் வரம்பு 2,500 ரூபாயாக உயர்ந்தது. வழிவிடாத ஓட்டுநர்களுக்கென, 2019 ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் மோட்டார் வாகனச் சட்டத்தில் 194E பிரிவு சேர்க்கப்பட்டது. தீயணைப்பு வண்டி, ஆம்புலன்ஸ் முதலியவற்றுக்குச் சாலையோரம் ஒதுங்கி வழிவிடத் தவறுபவருக்கு 6 மாதம் வரை சிறையோ 10,000 ரூபாய் தண்டமோ இரண்டுமோ விதிக்க அது இடமளிக்கிறது. இப்பிரிவு 2019 செப்டம்பர் 1 அன்று நடைமுறைக்கு வந்தது.